நகரும் பெயரும் நிலைத்த பெயரும்: ஓர் அறவியல் நோக்கு

பெயரிடுதல் மனிதனுடைய மிகப் பழைய செயல்களுள் ஒன்று. ஒரு பொருளைப் பிறிதொன்றிலிருந்து வேறுபடுத்தி அறிவதற்கும், அது கண்முன் இல்லாதபோதும் அதனைக் குறித்து உரையாடுவதற்கும் பெயர் வேண்டப்படுகின்றது. ஆயின் பெயர் பொருளோடு எவ்வாறு பிணைந்துள்ளது, அப்பிணைப்பைக் காப்பவர் யார், அதனை அறுக்கும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்களுக்கு எளிதில் விடை காண இயலாது. மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாக்கள் இன்று கணினி நிரலாளரின் அன்றாடத் தொழிலினுள்ளே மிகத் தெளிவானதொரு வடிவில் எழுந்துள்ளன. பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை எனப்படும் கருவியில் இரு வகைப் பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று நகர்வது, மற்றையது நிற்பது. நிற்கவேண்டிய பெயரை நகர்த்துவது பிழையா? பிழையெனின், எப்பொழுது, எக்காரணத்தாற் பிழையாகின்றது? இதுவே இங்கு ஆராயப்படும் வினாவாகும்.

கருவியின் இயல்பு

மென்பொருளின் மூலநிரல் ஒருவரால் ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவதன்று. பலர் கூடிப் பல ஆண்டுகளாக அதனைத் திருத்தியும் விரித்தும் வருகின்றனர். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்பொழுது, எதன்பொருட்டுச் செய்தார் எனப் பதிந்து வைத்தலும், வேண்டியபொழுது முன்னைய நிலைக்கு மீளுதலும் இத்தகைய கூட்டுமுயற்சிக்கு இன்றியமையாதன. இத்தேவை கருதி 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் என்பவர் ஒரு முறைமையை ஆக்கினார். அதன் பின்னர் வேறு பல முறைமைகள் தோன்றின. 2000ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட சப்வேர்ஷன் அவற்றுட் பெருவழக்குப் பெற்றதாகும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை ஆக்கியோர் 2002 முதல் பிற்கீப்பர் என்னும் வணிக முறைமையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005 ஏப்ரலில் அவ்வாய்ப்பு இல்லாதுபோகவே, லினஸ் ரோர்வால்ட்ஸ் சில நாட்களுள் புதியதொரு முறைமையின் முதல் வடிவத்தை எழுதினார். 'கிற்' என வழங்கும் அம்முறைமையே இன்று நிரலாளரிடையே மிகப் பரவலாகப் பயன்படுவது.

கிற் முறைமையில் நிரலாளர் தமது வேலையின் ஒரு நிலையைச் சேமிக்கும்போது 'கொமிற்' எனப்படும் பதிவு ஒன்று உருவாகின்றது. கோப்புக்களின் அப்போதைய நிலை, பதிந்தவரின் பெயர், நேரம், விளக்கக் குறிப்பு, தனக்கு முன்னுள்ள பதிவின் அடையாளம் ஆகியன அதனுள் அடங்கும். இவை யாவற்றையும் ஒருங்கே ஒரு கணிதச் செய்முறைக்கு உட்படுத்தி, நாற்பது இலக்கங்களைக் கொண்ட ஓர் எண் பெறப்படுகின்றது. அந்த எண்ணே அப்பதிவின் இயற்பெயர். உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினும் எண் மாறிவிடும். முன்னைய பதிவின் எண்ணும் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியாதலின், பழைய பதிவு ஒன்றை மாற்றப் புகுபவர் அதன்பின் வந்த அனைத்தையும் வேறாக்கவேண்டியவராகின்றார். பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் வகுத்த நன்னூலார் கருத்தை இங்கு நினைவுகூரின், இவ்வெண்ணை முற்றிலும் காரணப்பெயர் எனக் கொள்ளலாம். பொருளே தன் பெயரைப் பிறப்பிக்கின்றது. பொருள் வேறாயின் பெயரும் வேறாகும். இவ்வெண்ணைப் பொறுத்தமட்டில் பொருளுக்கும் பெயருக்கும் இடையே எவரும் புகுந்து எதனையும் மாற்ற இடமில்லை.

எனினும் நாற்பது இலக்க எண்ணை நினைவிற் கொள்வதும் வாயாற் சொல்வதும் மனிதருக்கு இயல்பன்று. எனவே மனிதர் இடும் இடுகுறிப்பெயர்களும் வேண்டியனவாயின. நிரலாளர் 'பிராஞ்ச்' என்றும் 'டாக்' என்றும் கூறும் இரண்டும் அத்தகையன. அவற்றை முறையே கிளை எனவும் பெயர்ச்சீட்டு எனவும் இங்கு வழங்கலாம். கிளை என்பது நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையின் பெயர். அக்கிளையிற் புதிய பதிவு ஒன்று சேரும்போது, பெயர் தானாகவே முன்னே நகர்ந்து அப்புதிய பதிவைச் சுட்டுகின்றது. பெயர்ச்சீட்டோ ஒரு குறிப்பிட்ட பதிவின்மேல் ஒட்டப்படுவது. 'இந்நிலையே 2.0 ஆம் பதிப்பாக வெளியிடப்பட்டது' எனக் கூறுவது அதன் பணி. வேலை எவ்வளவு தூரம் முன்னேறினும் சீட்டு ஒட்டிய இடத்திலேயே இருக்கும்.

இவ்வேறுபாட்டை விளக்க ஓர் உவமை போதுமானது. 'பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்' என்னும் தொடர் இன்று ஒருவரையும் சில ஆண்டுகளின் பின் வேறொருவரையும் சுட்டும். அதனால் எவரும் ஏமாற்றமடைவதில்லை. பதவிப்பெயரின் இயல்பு அதுவென யாவரும் அறிவர். ஆயின் ஒருவருடைய சொந்தப் பெயர், அவர் எப்பதவியில் இருப்பினும் இல்லாதொழியினும், அவரையே சுட்டும். அமெரிக்க மெய்யியலாளர் சோல் கிரிப்கே 1970இல் நிகழ்த்திப் பின்னர் நூலாக வெளிவந்த விரிவுரைகளில் இயற்பெயர்களை மாறாச் சுட்டுக்கள் என விளக்கினார். கிளை பதவிப்பெயர் போன்றது. பெயர்ச்சீட்டு மாறாச் சுட்டாக இருக்கவேண்டும் என்னும் விருப்பத்தோடு இடப்படுவது.

நிலைபேற்றின் ஊற்று

'விருப்பத்தோடு' என்னும் சொல் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. கிளையின் பெயரும் சீட்டின் பெயரும் கணினியினுள் ஏறத்தாழ ஒரே வகையானவை. எளிய பெயர்ச்சீட்டு ஒன்றைத் திறந்து நோக்கின், கிளையில் உள்ளது போன்றே ஒரு பதிவின் எண் மாத்திரமே அங்கு காணப்படும். இட்டவரின் பெயர், திகதி, குறிப்பு, கையொப்பம் ஆகியவற்றைத் தாங்கிய விரிவான சீட்டுக்களும் உள. ஆயினும் எவ்வகைச் சீட்டையும் 'வலிந்து' என்னும் பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து ஆணையிடுவதன் மூலம் வேறொரு பதிவுக்கு மாற்றிவிடலாம். சப்வேர்ஷன் முறைமையில் இவ்வேறுபாடு மேலும் மெலிந்து காணப்படுகின்றது. அங்கே கிளையும் சீட்டும் கோப்புத்தொகுதியின் பிரதிகளே. ஒன்று ஓர் அடைவிலும் மற்றையது வேறோர் அடைவிலும் வைக்கப்படுகின்றன. சீட்டு எனப் பெயரிடப்பட்ட பிரதியைத் திருத்தலாகாது என்பது அதனைப் பயன்படுத்துவோரிடையே உள்ள உடன்பாடேயன்றி முறைமை தானாக விதிக்கும் தடையன்று.

ஆகவே சீட்டின் நிலைபேறு பொறியிலிருந்து வருவதன்று. அதனை இட்டவரின் சொல்லிலிருந்து வருவது. ஆங்கில மெய்யியலாளர் ஜே. எல். ஒஸ்ரின், 1962இல் வெளிவந்த நூலில், சில கூற்றுக்கள் உலகை விவரிப்பதோடு அமையாது ஒரு செயலையே ஆற்றுகின்றன எனக் காட்டினார். 'வாக்களிக்கின்றேன்' எனக் கூறுபவர் தம் மனநிலையைப் பற்றிய செய்தி ஒன்றைத் தெரிவிப்பதோடு நின்றுவிடவில்லை. கூறும் அச்செயலாலேயே வாக்களித்துவிடுகின்றார். பெயர்ச்சீட்டை வெளியிடுதலும் இத்தகைய செயலே. 'இதுவே 2.0' எனக் கூறுபவர், இனி எவர் எக்காலத்து 2.0ஐக் கேட்பினும் இதுவே கிடைக்கும் என உறுதியளிப்பவராகின்றார்.

உடன்பாட்டிற் பிறந்த ஒன்று எவ்வாறு ஒருவரைக் கட்டுப்படுத்தும் என ஐயுறலாம். இவ்வையத்துக்கு டேவிட் ஹியூம் 1740இலேயே விடை கண்டார். வாக்குறுதியைக் காத்தல் இயற்கை உணர்ச்சியிலிருந்து எழுவதன்று, அது மனித வழக்கிலிருந்து எழுவது என அவர் வாதிட்டார். படகொன்றின் துடுப்புக்களை வலிக்கும் இருவர் தமக்குள் எவ்வித வாக்குறுதியும் பரிமாறாமலேயே ஒத்து இயங்குவதை அவர் எடுத்துக்காட்டினார். ஒருவர் வலிப்பார் என்னும் எதிர்பார்ப்பில் மற்றவர் வலிக்கின்றார். வழக்கு செயற்கையானது என்பதால் அதன் கட்டுப்பாடு பொய்யாகிவிடாது. நடு ஆற்றிற் துடுப்பைக் கைவிடுபவர் இயற்கை விதி எதனையும் மீறவில்லை. ஆயினும் மற்றவருக்குத் தீங்கு இழைத்துவிடுகின்றார். சீட்டை நகர்த்துபவரின் நிலையும் அதுவே.

தனிமையும் பொதுமையும்

இவ்வாறாயின் கடந்த பதிவு எதனையும் எப்பொழுதும் மாற்றலாகாது எனும் முடிவுக்கு வரவேண்டுமோ எனின், அவ்வாறன்று. நிரலாளர் தமது கணினியில் மட்டும் உள்ள பதிவுகளை மீள அடுக்குவதும், இரண்டை ஒன்றாக்குவதும், குறிப்பைத் திருத்துவதும் நாள்தோறும் நிகழ்வன. நடந்தது நடந்தவாறே பதியப்படவேண்டும், ஒழுங்குபடுத்துவதும் ஒருவகைப் பொய்யே எனச் சிலர் கருதுகின்றனர். பதிவு வரிசை என்பது பின்வருவோர் கற்பதற்காகச் சொல்லப்படும் விளக்கம், ஆகவே தடுமாற்றங்களை நீக்கித் தெளிவாக எழுதுவதே முறை என வேறு சிலர் கூறுகின்றனர். இரு சாராரும் ஒருவகையிற் சரியானவரே. எனினும் இருவரும் உடன்படும் எல்லை ஒன்று உண்டு. பிறர் கைக்குச் சென்று, அவர் அதன்மேற் தம் வேலையைக் கட்டத் தொடங்கியபின், அப்பதிவைத் தன் விருப்பப்படி மாற்றும் உரிமை ஒருவருக்கு இல்லை.

பேசுமுன் மனத்துட் சொற்களைத் தேர்வதும் விடுவதும் எவருக்கும் உரியன. பேசியபின் 'நான் அவ்வாறு கூறவில்லை' என்பது வேறு செயல். இரண்டையும் பிரிப்பது காலமன்று. வேறொருவர் கேட்டுவிட்டார் என்னும் உண்மையே. சீட்டுக்கும் இது பொருந்தும். எவரும் காணாத சீட்டை எத்தனை முறை நகர்த்தினும் எக்கடப்பாடும் மீறப்படுவதில்லை. ஒருவர் கண்டு, அதனை நம்பி ஒரு செயலில் இறங்கிய கணத்தில், சீட்டு இட்டவருக்கு மட்டும் உரியதாக இருந்த நிலை நீங்கிவிடுகின்றது.

கிற் முறைமையின் கைந்நூலே இவ்விடயத்தில் ஒரு சிறு அறவுரையைத் தாங்கியுள்ளமை குறிப்பிடத்தக்கது. பிழையான பதிவுக்குச் சீட்டு ஒட்டிவிட்டவர் யாது செய்யலாம் என்னும் வினாவுக்கு அது இரு வழிகளைக் காட்டுகின்றது. முதலாவது, பிழையை ஒப்புக்கொண்டு, சரியான பதிவுக்கு வேறொரு பெயரை இடுதல். இரண்டாவது, அதே பெயரே வேண்டுமெனின், பழையதைப் பெற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் வெளிப்படையாக அறிவித்து, அவரே தம் கையால் பழையதை நீக்கிப் புதியதை ஏற்குமாறு கேட்டல். பயனரின் முதுகுக்குப் பின்னால் அவர்தம் சீட்டை மாற்றுதல் முறைமையின் வேலையன்று என்பது அந்நூலின் நிலைப்பாடு. 2018இல் வெளிவந்த 2.20ஆம் பதிப்பு முதல், ஒருவர் ஏற்கெனவே பெற்றுள்ள சீட்டு மூலக் களஞ்சியத்தில் மாற்றப்பட்டிருப்பின், அவர் வலிந்து கேட்டாலன்றிப் புதியது அவருடைய பிரதியிற் பழையதன் இடத்தைப் பிடிப்பதில்லை. பெயர் பெற்றவருக்கும் பெயரில் உரிமை உண்டு என்னும் கருத்து இவ்வாறு கருவியின் அமைப்பினுள்ளேயே இடம்பெற்றுள்ளது.

பயன் நோக்கிய மறுப்பு

இந்நிலைப்பாட்டை மறுப்போர் உளர். வெளியிட்டுச் சில நிமிடங்களே ஆகின்றன; பிழையோ ஓர் எழுத்துப் பிழை; அதனைத் திருத்திச் சீட்டை ஓரடி நகர்த்துவதால் எவருக்கு என்ன கேடு? புதிய பெயர் இட்டால் வீண் குழப்பமன்றோ? செயலின் நன்மை தீமையை அதன் விளைவாலேயே அளப்போர் இவ்வாறு வினவுதல் இயல்பு.

இம்மறுப்புக்கு இரு விடைகள் கூறலாம். முதலாவதாக, விளைவு சிறிதென மதிப்பிடுபவர் சீட்டை இட்டவர்; விளைவை அனுபவிப்பவரோ வேறொருவர். அச்சில நிமிடங்களுள் யார் அதனைப் பெற்றார், எதற்குப் பயன்படுத்தினார் என்பதை இட்டவர் அறியமாட்டார். அறியாத ஒன்றைச் சிறிதெனக் கொள்வதற்கு அவருக்கு ஆதாரம் இல்லை. ஆய்வாளர் ஒருவர், ஒரு கணிப்பு மென்பொருளின் 1.2ஆம் பதிப்பைக் கொண்டு இம்முடிவுகளைப் பெற்றதாகத் தம் ஆய்வேட்டில் எழுதுகின்றார் எனக் கொள்வோர், மூன்று ஆண்டுகளின் பின் நிகழக்கூடியதையும் எண்ணவேண்டும். வேறொருவர் அதே 1.2ஐப் பெற்று அதே தரவுகளைக் கணிக்கின்றார், முடிவுகள் ஒவ்வவில்லை. இருவரும் நேர்மையானவர், இருவரும் கவனமாகவே செயற்பட்டவர். ஆயினும் ஒருவர் பொய்யராகத் தோன்றுகின்றார். ஒரே பெயர் இரு பொருள்களைச் சுட்டியமை எங்கும் பதியப்படவில்லை. நேர்மையான இருவரிடையே ஐயத்தை விளைவித்த மூன்றாமவர் இவ்விவகாரத்திற் காணப்படுவதே இல்லை.

இரண்டாவதாக, கிற் முறைமையிற் பழைய பதிவு மாற்றப்படுவதில்லை; பெயர் மட்டுமே வேறிடம் செல்கின்றது. எப்பெயராலும் எட்டமுடியாத பதிவுகள் குறித்த காலம் கழிந்தபின் களஞ்சியத் துப்புரவின்போது நீக்கப்படுகின்றன. எனவே வெளியிட்டவரின் களஞ்சியத்திற் பழையது அடையாளமின்றி மறைந்துபோகலாம். அதனை முன்னரே பெற்றவரின் கணினியிலோ அது அதே பெயரோடு வாழ்ந்துகொண்டிருக்கும். கடந்தகாலத்தைத் திருத்தினோம் என எண்ணியவர் உண்மையிற் செய்தது, ஒரு கடந்தகாலத்தை இரண்டாகப் பிளந்ததேயாகும்.

நம்பிக்கையின் விலை

இவை ஏட்டளவிலான அச்சங்கள் எனக் கருதுவோருக்கு 2025 மார்ச்சில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். கிற்ஹப் என்னும் தளத்தில், மாற்றமடைந்த கோப்புக்கள் எவையெனக் கண்டறிந்து கூறும் பொதுக்கருவி ஒன்று இருந்தது. 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் தம் தன்னியக்கப் பணிகளில் அதனைப் பயன்படுத்தின. அக்கருவியைக் கைப்பற்றிய எவரோ, அதன் பழைய பெயர்ச்சீட்டுக்களை ஒருசேரத் தீய பதிவு ஒன்றை நோக்கித் திருப்பிவிட்டனர். பயனர் தமது நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. முன்தினம் எப்பெயரால் அழைத்தனரோ அப்பெயராலேயே அழைத்தனர். ஆயின் வேறொன்று வந்து அவர்தம் கடவுச்சொற்களையும் இரகசியச் சாவிகளையும் பணிக்குறிப்பேட்டில் எழுதிவைத்தது. அக்குறிப்பேடு பொதுமக்கள் காணக்கூடியதாயிருந்த களஞ்சியங்களில் இரகசியம் யாவர்க்கும் வெளியாயிற்று. சீட்டின் பெயரைத் தவிர்த்து, நாற்பது இலக்க எண்ணாற் கருவியைச் சுட்டியிருந்தவர் பெரும்பாலும் தப்பினர்.

இந்நிகழ்ச்சியின் பாடம் தீயோர் உளர் என்பது மட்டுமன்று. சீட்டுக்களை நகர்த்துவது எங்கும் எவரும் செய்யாத செயலாயிருந்திருப்பின், அவை நகர்ந்தமையே எச்சரிக்கையாக அமைந்திருக்கும். நல்லோர் பலர் வசதி கருதி அதனை வழக்கமாக்கியிருந்தமையால், தீயோரின் செயல் நாளாந்தத் திருத்தம் போன்றே தோன்றிற்று. பொய்யுரைத்தல் பொதுவிதியாயின் வாக்குறுதி என்பதே பொருளிழந்துவிடும் என 1785இல் இம்மானுவல் கான்ற் காட்டிய நியாயம் இங்கு நேராகப் பொருந்துகின்றது. தனியொருவரின் சிறு நகர்த்தல் தன்னளவிற் தீங்கற்றதாயினும், சீட்டு என்பது நிற்கும் என்னும் பொது நம்பிக்கையை அது சிறிது அரித்துவிடுகின்றது. அரிக்கப்பட்ட அவ்விடத்தினூடாகவே பிறிதொருவர் உட்புகுகின்றார்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சில கருவிகளை ஆக்குவோர் 'நான்காம் தலைப்பதிப்பு' எனும் பொருளில் ஒரு சீட்டை இட்டு, அவ்வரிசையில் வரும் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் அதனை நகர்த்துவதாக முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர். பாதுகாப்புத் திருத்தங்கள் பயனரைத் தாமாகவே சென்றடைய இது வழிசெய்கின்றது. இங்கு சீட்டு நகரினும் வாக்கு மீறப்படவில்லை. வாக்கின் பொருளே 'நான்காம் வரிசையின் அண்மைய வெளியீடு' என்பதாகும். எனவே நகர்தல் தன்னளவிற் குற்றமன்று. எழுப்பிய எதிர்பார்ப்பைப் பொய்யாக்குதலே குற்றமாகின்றது. ஆயினும் வடிவிற் சீட்டாகவும் நடத்தையிற் கிளையாகவும் உள்ள பெயர்கள் பெருகுமாயின், பயனர் இரண்டையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றலை இழப்பர் என்பதையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மீளப்பெறுதல்

இதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சியுள்ளது. வெளியிட்ட பதிவு தீங்கு விளைப்பதாயிருப்பின் யாது செய்வது? ஒருவருடைய அந்தரங்கத் தகவல் தவறுதலாக அதனுட் சேர்ந்திருக்கலாம். பாதுகாப்புக் குறை ஒன்று பின்னர் கண்டறியப்படலாம். வாக்கைக் காத்தல் என்னும் பெயரால் தீங்கை நிலைபெறச் செய்தல் அறமாகாது. வாக்குறுதி ஒருவரைக் கட்டுப்படுத்தும் எனினும், அதனிலும் வலிய கடமை ஒன்று குறுக்கிடும்போது அது விலகி நிற்கவேண்டியதாகலாம்.

இவ்விடத்திற் திருத்துதல், மீளப்பெறுதல், மறைத்தல் என்னும் மூன்றையும் பிரித்து நோக்குதல் பயனுடையது. கோ என்னும் நிரல்மொழியினர் கண்ட வழி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 2019இல் அவர்கள் பொதுப் பேரேடு ஒன்றை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். ஒரு பதிப்பு முதன்முறை கேட்கப்படும்போது அதன் உள்ளடக்கத்துக்குரிய எண் அப்பேரேட்டிற் பதியப்படும். பின்னர் அச்சீட்டு நகர்த்தப்பட்டு உள்ளடக்கம் வேறுபடின், பெறுபவரின் கருவி அதனை ஏற்க மறுத்துவிடும். 2021இல் அவர்கள் மற்றொரு வழியையும் ஏற்படுத்தினர். பிழையான பதிப்பை வெளியிட்டவர், 'இப்பதிப்பு மீளப்பெறப்பட்டது; காரணம் இது' எனப் பின்வரும் பதிப்பில் எழுதிவைக்கலாம். புதிதாகப் பெறவருவோர் எச்சரிக்கப்படுவர். முன்னரே அதனை நம்பியிருப்போரின் வேலையோ திடீரெனக் குலைந்துவிடாது. பழையது இருந்தது என்பதும் பிழைபட்டது என்பதும் ஒருங்கே வெளிப்படையாகின்றன. மறைத்தலில் இவ்விரு உண்மைகளும் ஒருங்கே இழக்கப்படுகின்றன.

அந்தரங்கத் தகவலை அழிக்கவேண்டிய வேளையிலும் இதே நெறி ஒருவாறு பொருந்தும். அழிக்கப்பட்டது யாதென வெளியிடவேண்டியதில்லை. அழிக்கப்பட்டது என்பதை வெளியிடலாம். பிழையை நீக்கும் உரிமை இட்டவருக்கு உண்டு. நீக்கப்பட்டமையை அறியும் உரிமை நம்பியவருக்கு உண்டு. இரண்டாவது உரிமையை மறுத்து முதலாவதைச் செலுத்துவதே மறைத்தல்.

எண்ணும் மனிதரும்

இவ்வளவும் நோக்கியவர், இடுகுறிப்பெயர்களை முற்றாகக் கைவிட்டு உள்ளடக்கத்தின் எண்ணையே பயன்படுத்தினால் இவ்வறச் சிக்கல் முழுதும் நீங்கிவிடுமன்றோ எனக் கேட்கலாம். தொழில்நுட்ப வகையில் இது நல்ல ஆலோசனையே. எனினும் அதற்கும் எல்லைகள் உண்டு. கிற் முறைமை பயன்படுத்திவந்த கணிதச் செய்முறையில், வேறுபட்ட இரு கோப்புக்கள் ஒரே எண்ணைப் பெறுமாறு செய்ய இயலும் என்பதை 2017 பெப்ரவரியில் அம்ஸ்ரர்டாம் கணித ஆய்வு நிலையத்தினரும் கூகிள் நிறுவனத்தினரும் செய்து காட்டினர். அத்தகைய தாக்குதலைக் கண்டறியும் வடிவத்தைக் கிற் பின்னர் ஏற்றுக்கொண்டது. மேலும் வலிய செய்முறைக்கு மாறும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. காரணப்பெயரும் மனிதர் பேணிக் காக்கவேண்டிய ஒன்றே என்பதனை இஃது உணர்த்தும்.

இதனினும் ஆழமான எல்லை வேறொன்று. பொருள் மாறவில்லை என்பதை எண் உறுதிப்படுத்தும். பொருள் நல்லது என்பதை அது கூறாது. 2024 மார்ச் 29ஆம் நாள், எக்ஸ்இஸற் எனப்படும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களிற் களவாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருப்பதை அன்ட்ரெஸ் ஃபுரொயிண்ட் என்னும் பொறியியலாளர் வெளிப்படுத்தினார். தொலைக்கணினியினுட் புகுவதற்கு வழமையிலும் அரைச் செக்கன் அளவு கூடுதலாகச் செல்வதைக் கண்டு அவர் ஆராயப் புகுந்ததன் விளைவு அது. அங்கே எவரும் சீட்டைக் களவாக நகர்த்தவில்லை. ஈராண்டுக்கு மேலாக உழைத்து, மற்றவரின் நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளர் நிலைக்கு உயர்ந்த ஒருவரே அவற்றை வெளியிட்டிருந்தார். வெளியீட்டுப் பொதியில் இருந்த ஒரு நிரற்பகுதி களஞ்சியத்திற் சீட்டு சுட்டிய பதிவிலே காணப்படவில்லை. பெயர் நின்றது, பெயரால் வழங்கப்பட்ட பொருள் வேறாயிற்று. வாக்கின் எழுத்தைக் காத்துக்கொண்டே அதன் உயிரைக் கொல்லலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே கணிதம் அறத்தின் இடத்தை நிரப்பிவிடும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. கணிதம் செய்வது, வாக்கு மீறப்பட்டதை விரைவிற் கண்டறிய உதவுதல். வாக்களிப்பதும் காப்பதும் மனிதர் செயல்களாகவே எஞ்சுகின்றன. ஊதியமின்றி, ஓய்வு வேளையில், முகமறியாதோருக்காக மென்பொருளைப் பேணும் எண்ணற்றோர் தாம் இட்ட ஒரு பெயரைப் பல ஆண்டுகள் அசையாது காத்து வருகின்றனர். அவர்களது உழைப்பு பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. பெயர் நிற்கும்வரை அதனைக் காப்பவர் நினைக்கப்படுவதும் இல்லை. மருத்துவமனை, வங்கி, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கணினிகள் யாவும் அத்தகையோரின் வாக்கின் மேலேயே இயங்குகின்றன.

வளர்வதற்கு ஒரு பெயரும் நிலைப்பதற்கு ஒரு பெயரும் எந்தக் கூட்டுமுயற்சிக்கும் வேண்டும். கிளை இல்லையெனின் வேலை உறைந்துவிடும். சீட்டு இல்லையெனின் நேற்றைய வேலையைப் பற்றி இருவர் ஒரே பொருளிற் பேச இயலாது. கிளையைச் சீட்டாகவும் சீட்டைக் கிளையாகவும் நடத்துவதிலேயே தீங்கு பிறக்கின்றது. தனக்குள் எண்ணிப் பார்க்கும்வரை மாற்றுவதற்கும், பிறர் கைக்குச் சென்றபின் காப்பதற்கும், பிழை கண்டபோது புதிய பெயரோடு வெளிப்படையாகத் திருத்துவதற்கும் அறிந்திருத்தல் பெயரிடுவோர் யாவருக்கும் உரிய கடமையாகும். சீட்டொன்று நகர்ந்ததா என்பதைக் கருவி கூறிவிடும். அதனை நகர்த்தியவர், நம்பியிருந்தோருக்கு அறிவித்துவிட்டு நகர்த்தினாரா என்பதே அறவியல் கேட்கவேண்டிய வினாவாகும்.